மணலி டு மனாலி - வழி: ஒரு அங்குல ஜன்னல்

இங்கிலீஷில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். தமிழில் எழுதினால் ஒரு சுழி குறையும், ஒரு கால் கூடும். எங்கள் மாத்தூருக்கு அடுத்த ஊரான மணலி ஒன்று. இமாசலப் பிரதேசத்து மனாலி இன்னொன்று. முதலாவதில் 1969-லிருந்து பெட்ரோல் காய்ச்சுகிறார்கள். இரண்டாவதில் பனி கொட்டுகிறது. நடுவில் சுமார் 2,700 கிலோமீட்டர்.

"மாமா, பொங்கலுக்கு மனாலி போலாமா?" என்று மச்சான் கேட்டபோது, "அதுக்கு எதுக்குடா பொங்கல் வரைக்கும் காத்திருக்கணும்? ஷேர் ஆட்டோ புடிச்சா அஞ்சு நிமிஷம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. துறைமுகத்துச் சரக்குகளுக்குப் பேப்பர் போடும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. சேர்த்து வைத்த பணத்தில் நிலம் வாங்குவான், நகை வாங்குவான் என்று மாமியார் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பெட்ரோல் வண்டி. மேலே துணிக்கூரை. சேற்றில் போகும், மணலில் போகும், மலையில் ஏறும் என்றான். மாத்தூரில் மலை கிடையாது. மழைக்காலத்தில் சேறு மட்டும் உண்டு. அதில் அவன் வண்டி நன்றாகவே போனது. ஆனால் பக்கத்தில் நடந்து போனவர்களின் வேட்டிதான் பாழ்.

வண்டிக்குள் சூடு என்பது எங்கள் பேட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல. மணலி ரோட்டிலும் எண்ணூர் ரோட்டிலும் ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். மே மாதத்து மதியம். டிரைவர் சட்டையைக் கழற்றி ஜன்னலில் தொங்கவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய லாரிகளில் இன்ஜின், டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவிலேயே குடியிருக்கும். அதன் மூடிமேல் தோசை ஊற்றலாம் என்று சொல்வது கொஞ்சம்தான் மிகை. 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும் பெரிய சரக்கு லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான்.

ஆக, வண்டிக்குள் எப்படிக் குளிர வைப்பது என்று ஆராய்ச்சி பண்ணும் ஊர்க்காரன் நான். எப்படிச் சூடாக வைப்பது என்ற கேள்வி என் ஆயுளில் வரும் என்று நினைத்ததே இல்லை. 2023 ஜனவரியில் வந்தது. கிட்டத்தட்ட ஆயுளோடு சேர்த்தே முடித்துவிடப் பார்த்தது.

* * *

கிளம்புவதற்கு முன்னால் வண்டியை எங்கள் மெக்கானிக்கிடம் காட்டினோம். வேப்ப மரத்தடிதான் அவருக்கு ஒர்க் ஷாப். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லும் கைராசிக்காரர்.

"இமயமலைக்குப் போறோம்ண்ணே. ஹீட்டர் வேலை செய்யுமா?" என்றான் மச்சான்.

அவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். "ஹீட்டரா? அதெல்லாம் நம்மூருக்கு எதுக்கு நைனா? இந்த வண்டி வந்த அன்னிக்கே தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிக் கடாசிட்டேன். தண்ணி நிக்காம சுத்தினே இருக்கும். இன்ஜின் ஜில்லுனு ஓடும். வா வாத்யாரே, ஒண்ணும் ஆவாது!"

அவர் பெருமையோடு சொன்னார். நாங்களும் பெருமையோடு கேட்டுக்கொண்டோம். இன்ஜின் ஜில்லென்று ஓடினால் நல்லதுதானே! ரேடியேட்டரில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒரு எலுமிச்சம் பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். மாமியார் ஒரு பெரிய கம்பளியைக் கொடுத்தார். என் மனைவி ஒன்றும் கொடுக்கவில்லை. "தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். என்னைப் பத்திரமாக யார் கூட்டிக்கொண்டு வருவது என்று அவள் சொல்லவில்லை.

நாகபுரி வரைக்கும் ஜாலி. டில்லியைத் தாண்டியதும் மூடுபனி. சண்டிகருக்கு அந்தப் பக்கம் துணிக்கூரையின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் குளிர் ஊசி ஊசியாக இறங்கியது. மச்சான் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருகினான். விசிறி 'உய்ங்' என்று சுற்றியது. வந்தது காற்று. சூடான காற்று என்று சொன்னால் பொய். நம் ஊர் மார்கழி விடியற்காலையில் வரும் காற்று மாதிரி ஒன்று. மேட்டில் ஏறும்போது லேசான வெதுவெதுப்பு. இறக்கத்தில் இறங்கினால் அதுவும் போச்சு. ராத்திரி மனாலி போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கால்கள் இருப்பது பார்த்தால்தான் தெரிந்தது.

* * *

மறுநாள் காலை, பியாஸ் ஆற்றங்கரையோரம் ஒரு மெக்கானிக் கடை. தாடிக்காரப் பெரியவர் ஒருவர் கையில் டீ கிளாஸோடு பானெட்டைத் திறந்தார். இந்திப் பிரச்சார சபாவில் மத்யமா வரை படித்த என் இந்தியை அங்கேதான் முதன்முதலாகப் பிரயோகித்தேன். "ஹீட்டர் தண்டா" என்றேன். அவர் ஒரு ஹோஸ் பைப்பைத் தொட்டுப் பார்த்தார். ஒரு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டு மாப்பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்ப்பது போல் எங்களைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். நான் பி.காம்.காரன் என்பதால் வரவு - செலவுக் கணக்காகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். அதில் வண்டியை நகர்த்த உருப்படியாகச் செலவாவது இருபத்தைந்திலிருந்து முப்பது ரூபாய்தான். மிச்சம் எழுபது ரூபாயும் சூடு. ஏறத்தாழ அதில் பாதி சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மற்ற பாதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குத் தானம் பண்ணுகிறது. கணக்கில் எழுதினால் சுத்த நஷ்டம்.

இந்த நஷ்டத்திலிருந்து கொஞ்சம் மீட்பதுதான் ஹீட்டர். டாஷ்போர்டுக்குப் பின்னால் பாடப் புத்தகம் அளவுக்கு ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினில் சூடான தண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் போய் வரும். ஒரு விசிறி அதன் வழியே காற்றை ஊதும். அவ்வளவுதான். ஏ.சி. போட்டால் கம்ப்ரெஸர் சுற்றப் பெட்ரோல் செலவு. ஹீட்டருக்கு விசிறி சுற்றும் கரன்ட் மட்டும்தான். குளிர்ச்சிக்குக் காசு, சூடு இலவச இணைப்பு!

ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். அதற்குத்தான் தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு வைத்த ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சுமார் 82 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கும். சூடு வந்ததும் மெழுகு உருகிப் பருத்து, கதவைத் தள்ளித் திறக்கும். ஊர்க்கோவில் அர்ச்சகர் மாதிரி. நேரம் வந்தால்தான் நடை திறப்பார். எங்கள் வண்டியில் அர்ச்சகரையே கழற்றிக் கடாசியாகிவிட்டது. நடை இருபத்து நாலு மணி நேரமும் திறந்தே கிடந்தது. இமயமலைக் காற்று எதிரே வந்து ரேடியேட்டரில் மோத, தண்ணீர் சூடாவதற்குள் ஆறிக்கொண்டே இருந்தது. ஹீட்டருக்குக் கொடுக்க வண்டியிடம் சூடே இல்லை.

இன்ஜின் ஜில்லென்று ஓடுவது நல்லதே இல்லையாம். சரியான சூடு வராத இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். மச்சானின் ஜீப் ஏன் மாத்தூரிலேயே கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி குடித்துத் தீர்த்தது என்று எனக்கு மனாலியில் புரிந்தது.

பெரியவர் அடுத்ததாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "பானீ?" என்றார். ஆமாம், தண்ணீர்தான். மாத்தூர்த் தண்ணீர். ஊர்ப் பெருமை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

தண்ணீர் உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். இரும்புக்குள் அடைபட்ட தண்ணீருக்குப் பருக்க இடம் ஏது? இன்ஜினையே பிளந்துகொண்டு வெளியே வரும். கூலன்ட்டையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. முதல் நாள் ராத்திரி நாங்கள் லாட்ஜின் மூடிய ஷெட்டில், சமையற்கட்டுச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்தோம். அந்தச் சுவர்தான் இன்ஜினைக் காப்பாற்றியது. பெரியவர் பழைய சாமான் டப்பாவில் தேடி ஒரு வால்வு எடுத்துப் பொருத்தினார். கூலன்ட் ஊற்றினார். அரை மணி நேரத்தில் டாஷ்போர்டிலிருந்து அடித்தது பாருங்கள் ஒரு காற்று... கண்ணை மூடினால் மே மாதத்து மணலி!

மச்சான் அதன் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக் கும்பிட்டான்.

* * *

மனாலியிலிருந்து வடக்கே போனால் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபர் 3-ல் திறந்தது. ரோதங் மலைக்கு அடியில், 10,000 அடி உயரத்தில், 9 கிலோமீட்டர். முன்பெல்லாம் பனிக்காலத்தில் ரோதங் கணவாய் மூடினால் அந்தப் பக்கத்து லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். இப்போது குகைக்குள் நுழைந்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வேறு உலகத்தில் வெளியே வரலாம். எங்களைப் போன்றவர்களும் வரலாம் என்பதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம்.

ஹீட்டர் வேலை செய்த சந்தோஷத்தில் மச்சானுக்கு ஒரு யோசனை. "மாமா, சூடு வருது. ஆனா கூரை இடுக்கு வழியா எல்லாம் போயிடுது." கிளியரிங் ஆபீஸ்காரன் அல்லவா? கைவசம் பெட்டி ஒட்டும் பிரவுன் டேப் நாலு ரோல் வைத்திருந்தான். கதவிடுக்கு, கூரை மடிப்பு, பின்பக்கத்து ஜிப் என்று ஒன்று விடாமல் ஒட்டினான். பெரிய ஓட்டைகளில் பத்திரிகைக் காகிதத்தைத் திணித்தான். (நான் எழுதிய ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. முதன்முதலாக ஒருவருக்குக் கதகதப்பைத் தந்தது.) முடித்துவிட்டுப் பார்த்தால், ஜீப் ஏற்றுமதிக்குத் தயாரான பார்சல் மாதிரி இருந்தது. உள்ளே குளிர் ஒரு துளி கிடையாது. ஸ்வெட்டரைக் கழற்றினோம்.

போகிப் பண்டிகை நாள். குகையைக் கடந்து சிஸ்ஸு கிராமம் போய், பனியைத் தொட்டு, போட்டோ பிடித்து, மதியம் திரும்பும்போது வானம் இருட்டியது. பஞ்சு உதறுவது போலப் பனி. குகை வாயிலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ சறுக்கிக் குறுக்கே நிற்கிறதாம். ஒரு மணி, இரண்டு மணி... ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு.

எங்களுக்கு நேர் முன்னால் ஒரு அசோக் லேலண்டு லாரி. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு பனிமலையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்தது போல் இருந்தது. 1948-ல் எண்ணூரில் முளைத்த கம்பெனியாயிற்றே! அந்த லாரியின் முகத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், பாதி மறைத்தபடி ஒரு கோணியைக் கட்டியிருந்தார்கள். நம் ஊரில் எலுமிச்சம் பழமும் மிளகாயும் கட்டும் இடம். குளிர்காற்று நேராக மோதாமல் தடுத்தால் இன்ஜின் சூடு தங்கும். கேபினும் சூடாக இருக்கும். வெயில் ஊருக்கு வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் கொதித்துவிடும்.

நாங்கள் இன்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் ஹீட்டர் போய்விடுமே! 'இலவச இணைப்பு'தானே என்று ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தோம். சட்டைப் பைக்குள் ஒரு குவார்ட்டர் ரம் இருப்பதாக மச்சான் ரகசியம் சொன்னான். குளிருக்கு நல்லது என்றான். (நல்லதல்ல. சாராயம் தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து, சூடாக இருப்பது போலக் காட்டிவிட்டு, உடம்பின் உள்சூட்டை வெளியே விட்டுவிடும். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு அடுப்பு நன்றாக எரிகிறது என்று மகிழ்வதற்குச் சமம்.) "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று அதட்டினேன். என் வாழ்நாளில் ஒரு அக்கா புருஷனாக நான் செய்த உருப்படியான காரியம் அது.

எட்டு மணி இருக்கும். மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "மாமா, தலை வலிக்குது."

"உயரம்டா. பத்தாயிரம் அடி. அப்படித்தான் இருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

எனக்கும் வலித்தது. குமட்டியது. கூடவே தூக்கம். என்ன தூக்கம் தெரியுமா? கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கடியில் பாய் விரித்தாற்போல ஒரு சுகமான தூக்கம். ஊரில் போகிக்காக டயர் எரித்துக்கொண்டிருப்பார்கள், கண்ணெல்லாம் எரியும், நாம் இங்கே சுத்தமான காற்றில் இருக்கிறோம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மச்சானைப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கம்பளியை அவன் மேல் போர்த்த நினைத்தேன். கை வரவில்லை. பரவாயில்லை என்று தோன்றியது. எதுவுமே பரவாயில்லை என்று தோன்றியது.

டமார்!

யாரோ கதவை மண்வெட்டியால் அடித்தார்கள். பிறகு ஒரு கை. டேப் கிழியும் சத்தம். கதவு திறந்து, குளிர் முகத்தில் அறைந்தது. இமாசலத் தொப்பி போட்ட ஒரு டாக்ஸி டிரைவர். "ஷீஷா கோலோ! பாகல் ஹோ க்யா?" என்று கத்தினார். கண்ணாடியைத் திற, பைத்தியமா நீ என்று அர்த்தம். இதற்கு மத்யமா தேவையில்லை.

சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். மச்சானைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். பனியில் உட்கார வைத்துக் கன்னத்தில் தட்டினார். அவன் கண் திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நிமிஷங்கள்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நான், 'தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க' என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் வாந்தி எடுத்தான். ஒருவன் வாந்தி எடுப்பதைப் பார்த்து நான் அழுதது அதுதான் முதல் தடவை.

* * *

டார்ச் வெளிச்சத்தில் டிரைவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். வண்டியின் பின்புறம் முழங்கால் உயரத்துக்குப் பனி. சைலன்சர் வாய் அதற்குள் புதைந்திருந்தது. புகை போக வழியில்லை. அதோடு, கடல் காற்று பட்ட ஊர் வண்டி. சைலன்சர் குழாயில் துருப்பிடித்து ஒரு ஓட்டை வேறு. புகை வண்டிக்கு அடியிலேயே தங்கி, தரையிடுக்கு வழியாக உள்ளே வந்திருக்கிறது. உள்ளே வந்தது வெளியே போக முடியாதபடி மச்சான் டேப் ஒட்டியிருந்தான்.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. டயர் புகை இதைவிட யோக்கியம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். ரிசர்வ் பண்ணின சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்பவரைப் போல. தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கம். மலை உயரத்தில் வரும் நோய்க்கும் இதே அடையாளங்கள்தான். அதனால்தான் என்னைப் போன்ற அறிவாளிகள் ஏமாறுகிறார்கள்.

எங்களுக்கு ஒரு டிரைவர் வந்தார். எல்லோருக்கும் வருவதில்லை. 2022 ஜனவரியில், பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் மாட்டிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். குளிர் மட்டுமல்ல, மூடிய கார்களுக்குள் சேர்ந்த இந்த வாயுவும் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வடகரையில் ஏது பனி? ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்துவிட்டது. அதே வாயு.

அன்று ராத்திரி முழுக்க அங்கேயேதான் இருந்தோம். டிரைவர் சொல்லிக்கொடுத்தபடி செய்தோம். இன்ஜினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓடவிடுவது. ஒவ்வொரு முறையும் சாவி போடுவதற்கு முன்னால் இறங்கி சைலன்சர் வாயைச் சுற்றிப் பனியை வெட்டி எடுப்பது. காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு அங்குலம் எப்போதும் திறந்து வைப்பது. (மூச்சுக்காற்று படிந்து முன் கண்ணாடி மங்குவதும் அந்த ஒரு அங்குலத்தில் நின்றது.) சைலன்சர் ஓட்டையை டிரைவர் தகர டப்பாவைச் சுற்றிக் கம்பியால் கட்டினார். அதை நம்பி மட்டும் இருக்காதே என்றும் சொன்னார். இருவரில் ஒருவர் முழித்திருக்க வேண்டும். சட்டைக்குள் காகிதம். உள்ளங்கால்களுக்கு அடியில் கம்பளி. தெர்மாஸில் டீ.

ஒரு அங்குலத்தில் எவ்வளவு குளிர் வந்தது என்கிறீர்கள்? நிறைய வந்தது. பல் கிடுகிடுத்தது. காலை வரைக்கும் இருவரும் திட்டிக்கொண்டே உயிரோடு இருந்தோம்.

விடிந்ததும் ரோட்டைத் திறந்தார்கள். டிரைவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் பர்ஸை எடுத்தேன். அவர் முறைத்தார். மச்சான் சட்டைப் பையிலிருந்து அந்தக் குவார்ட்டரை எடுத்து நீட்டினான். அதற்கும் முறைத்தார். கடைசியில் மாமியார் கொடுத்தனுப்பிய முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

* * *

மாத்தூர் திரும்பியதும் முதல் வேலையாகச் சைலன்சரை மாற்றினோம். வால்வைக் கழற்ற வேண்டாம் என்று எங்கள் மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இங்க ஓவர் ஹீட் ஆவும் சார்!"

"எண்பத்திரண்டு டிகிரிக்கு அது தானா திறந்துடும்ண்ணே. கொதிச்சா ரேடியேட்டர் அடைச்சிருக்கு, இல்ல விசிறி சுத்தலைன்னு அர்த்தம். அதைப் பாருங்க. இருக்கிற நல்லவனை எதுக்கு வெளிய அனுப்பறீங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டிப் பார்த்தோம். கொதிக்கவில்லை. லிட்டருக்கு ஏழு கொடுத்த வண்டி ஒன்பது கொடுத்தது. இப்போதெல்லாம் அவர் மற்றவர்களுக்கு இந்த விஷயத்தைத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்கிறாராம். சொல்லட்டும்.

என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லவில்லை. 'கொஞ்சம் குளிர்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்த இதழை அவள் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மே மாதம், மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் டீ குடிக்க நின்றேன். மரத்தடியில் ஒரு பழைய கார். கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது. உள்ளே ஏ.சி.யில் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, நைட் ஷிப்ட் முடித்த தூக்கம். வெளியே நல்ல வெயில். நெருப்பாகக் கொதிக்கும் ரோடு. ஆபத்து என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் கார் ஓடும் சத்தத்தோடு சைலன்சர் பக்கமிருந்து 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்.

டீயை வைத்துவிட்டுப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். தட்டினேன் என்றா சொன்னேன்? அடித்தேன். ஒருவன் முழித்து, என்ன என்பது போல் கையை ஆட்டினான்.

"கண்ணாடியைத் திறங்க தம்பி!"

"ஏ.சி. போயிடும் சார்."

"போகட்டும். ஒரு அங்குலம் எறக்குங்க."

பைத்தியமா இந்த ஆள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. மண்வெட்டியோடு வந்தவரைப் பார்த்து அன்றைக்கு என் முகத்திலும் அதுதான் எழுதியிருந்திருக்கும். ஆனாலும் இறக்கினான். பக்கத்தில் இருந்தவனையும் எழுப்பி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்:

"டேய்... உனக்கும் தலை வலிக்குதா?"